விலைக்கு வந்த நோய்: ஒரு ‘டீகப்’ நாய்க்குட்டியின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரு யார்க்‌ஷயர் டெரியர் என்ற சிற்றின நாயின் பெண் குட்டியைப் பற்றியது. தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவு சிறியது என்ற பொருளில், இப்படிப்பட்ட குட்டிகளை ‘டீகப்’ என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர், விற்றவர் இருவரின் அடையாளமும் வெளிப்படாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கால்நடை மருத்துவராக, இதே வகையில் வரும் குட்டிகளிடம் திரும்பத் திரும்பக் காண்பவற்றைச் சேர்த்து ஒரே கேஸாக எழுதியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் எதையும் ஊதிப் பெருக்கவில்லை. இந்தக் குட்டிக்கு நேர்ந்த தீங்கு எங்கே தொடங்கியது, அங்கேயே அதை யார் தடுத்திருக்க முடியும் என்பதுதான் நான் விடை தேடும் கேள்வி.

வந்த நிலை

குட்டி வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். முந்தைய இரவு சோர்ந்து கிடந்திருக்கிறது. புது இடம், பயணக் களைப்பு, தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். விடியும் நேரத்தில் கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி, கூப்பிட்டாலும் அசையாமல் கிடந்ததைப் பார்த்துத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார்கள்.

எடை 410 கிராம். உடல் வெப்பம் 35.1 டிகிரி செல்சியஸ். ஈறுகள் வெளுத்து உலர்ந்திருந்தன. தலையின் உச்சிக்குழி மூடவில்லை, விரல்நுனி பதியும் அளவுக்குத் திறந்திருந்தது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 26 மில்லிகிராம். 60-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கிடுகிறோம். 26 என்பது மூளை பட்டினி கிடக்கும் அளவு.

இவ்வளவு சிறிய குட்டியின் சர்க்கரை ஏன் இப்படிச் சரிகிறது? உணவு வராத நேரத்தில் சர்க்கரையைக் கொடுக்க வேண்டியது கல்லீரலில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்த இருப்பு. இந்தக் குட்டியின் கல்லீரலில் அந்த இருப்பு மிகக் குறைவு. புரதத்திலிருந்து சர்க்கரை தயாரிக்கும் திறனும் இந்த வயதில் முழுமையாக வளர்ந்திருக்காது, அதற்குக் கைகொடுக்கத் தசையும் போதாது. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். அதனால் வெப்பம் வேகமாக வெளியேறும், அதை ஈடுகட்ட இன்னும் சர்க்கரை எரியும். உடலுக்குப் பெரிதான தலைக்குள் இருக்கும் மூளையும் தன் பங்கைக் கேட்கும். வளர்ந்த நாய் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் தாங்கும். இப்படிப்பட்ட குட்டிக்குச் சில மணி நேரம் போதும். ஒரு வேளை உணவைத் தவறவிட்டு இரவு முழுக்கத் தூங்கினால் காலையில் வலிப்பில்தான் போய் முடியும்.

முதலில் உடலைச் சூடேற்றினோம். குளிர்ந்துபோன குட்டியின் குடல் இயங்காது, அதன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காலில் நாளம் கிடைக்கவில்லை. தொடை எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி போட்டு, நீர்த்த குளுக்கோஸை மெதுவாக ஏற்றினோம். 50 சதவீதக் கரைசலாகக் கணக்கிட்டால் இதற்குத் தேவையான மொத்த மருந்தே அரை மில்லிக்குக் குறைவு. இதன் உடலில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 35 மில்லிதான். பரிசோதனைக்கு 3 மில்லி எடுத்தாலே கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விடும். செய்ய வேண்டிய பல பரிசோதனைகளை அன்று தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுவே. பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

சர்க்கரை ஏறியதும் கண் விழித்தது. நான்கைந்து மணி நேரத்தில் எழுந்து நிற்க முயன்றது.

பற்கள் சொன்ன வயது

விற்பனைச் சீட்டில் வயது 10 வாரம் என்றிருந்தது. நாய்க்குட்டிக்கு 8 வாரம் ஆவதற்குள் 28 பால் பற்களும் வந்துவிடும். சின்ன இனங்களில் சற்றுத் தாமதமாவது உண்டு. ஆனால் இதற்குப் பின்வரிசைப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழிக்கத் தொடங்கியிருந்தன. தாமதத்துக்கு இடம் கொடுத்துப் பார்த்தாலும் 6 அல்லது 7 வாரத்தைத் தாண்டாது.

அதாவது, “10 வாரத்தில் 410 கிராம்தான்” என்று காட்டப்பட்ட சிறுமையில் ஒரு பகுதி வெறும் வயதுப் பொய். தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்த குட்டியை அதன் வயதைக் கூட்டிச் சொன்னால் போதும், உடனே அது ‘அபூர்வச் சிறுமை’ ஆகிவிடுகிறது. இந்தத் தந்திரத்துக்கு மரபணு அறிவோ இனப்பெருக்கத் திறமையோ எதுவும் வேண்டாம். குட்டிக்கோ இதில் இழப்பு இரட்டை. பால் மறந்து தானே தின்னப் பழகும் முன்பே தாயை இழக்கிறது. மற்றக் குட்டிகளோடு கடித்து விளையாடி, கடியின் அளவைக் கற்றுக்கொள்ளும் வாரங்களையும் இழக்கிறது.

குட்டியோடு ஓர் உணவுக் குறிப்பும் வந்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு ஸ்பூன், அதற்கு மேல் கொடுத்தால் ‘சைஸ்’ போய்விடும். குட்டியை வாங்கிய பெண்மணி அந்தத் தாளை என்னிடம் நீட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அவங்க சொன்ன அளவுதான் டாக்டர் கொடுத்தேன். ஒரு ஸ்பூன்கூடக் கூட்டலை.”

“அதுதாம்மா பிரச்சினை” என்றேன். இந்த எடையில் இருக்கும் குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு வேண்டும், இரவிலும். அந்தத் தாள் சொன்னதற்குக் கீழ்ப்படிந்ததால்தான் குட்டி வலிப்பில் விழுந்தது. பொறுப்பற்றவர் கையில் சிக்கியிருந்தால் ஒருவேளை கண்டபடி ஊட்டப்பட்டுப் பிழைத்திருக்கும். பாசத்தோடும் கவனத்தோடும் வளர்த்தவர் கையாலேயே பட்டினி போடவைத்த அந்தத் தாளை, இந்தக் கேஸில் நான் கண்டவற்றிலேயே மோசமானது என்று சொல்வேன்.

நான்கு மாதம் கழித்து

அடிக்கடி ஊட்டியும் குட்டியின் எடை ஏறவில்லை. நான்கு மாதத்தில் 900 கிராம். பெண்மணிக்கு அதில் கவலை இல்லை, வாங்கும்போது சொன்ன கணக்கு அதுதானே. வேறொன்றுதான் அவரை அழைத்து வந்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் குட்டி மந்தமாகிச் சுவரோரம் நின்று தலையை முட்டிக்கொண்டிருக்கிறது. சில சமயம் எச்சில் வடிகிறது, ஒரே பக்கமாகச் சுற்றுகிறது.

முதல் நாளில் தள்ளிப்போட்ட பரிசோதனைக்கு இப்போது வந்தோம். கல்லீரல் சரியாக இயங்கினால் ரத்தத்திலிருந்து எடுத்துவிடும் பித்த அமிலங்களை, உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்தோம். இரண்டாவது அளவு மிக அதிகம். அல்ட்ராசவுண்டில் காரணம் தெரிந்தது: கல்லீரல் ஷண்ட். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகி வர வேண்டும். இதற்குப் பிறவியிலேயே ஒரு குறுக்கு நாளம் இருந்து, ரத்தம் கல்லீரலைத் தொடாமலேயே பொது ஓட்டத்தில் கலந்துகொண்டிருந்தது. அம்மோனியா உள்ளிட்ட நச்சுகள் நேராக மூளைக்குப் போகின்றன. போதிய ரத்தம் கிடைக்காத கல்லீரல் வளராமல் சுருங்கிக் கிடக்கிறது. கல்லீரல் வளராத குட்டியும் வளராது.

வளர்ச்சி குன்றுவது இந்த நோயின் பாடப்புத்தக அறிகுறி. சர்க்கரை சரிவதும் இதில் உண்டு. யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிற்றினங்களில் இது அதிகம் காணப்படுகிறது, பரம்பரைத் தொடர்பும் உண்டு. விளம்பரத்தில் எந்தக் குணத்துக்காக இந்தக் குட்டிக்கு உடன்பிறப்புகளைவிட அதிக விலை வைக்கப்பட்டதோ, அந்தக் குணமே நோய்க்குறி. அந்த ஈற்றிலேயே மிகச் சிறியது, அதனால்தான் மிக விலையுயர்ந்தது. ஒரு கால்நடை மருத்துவர் அந்த ஈற்றைப் பார்த்திருந்தால் முதலில் பரிசோதிக்கச் சொல்லியிருக்கும் குட்டியும் அதுவே.

அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ், புரதம் மாற்றிய உணவு, ஆன்டிபயாட்டிக் என்று உடலைத் தேற்றினோம். எடை 1.1 கிலோவைத் தொட்டபின் அறுவை சிகிச்சை நிபுணர் அந்த நாளத்தைச் சுற்றி, மெல்ல மெல்ல இறுகி மூடும் வளையம் ஒன்றைப் பொருத்தினார். சட்டென்று மூடினால் கல்லீரல் அந்த ரத்தத்தைத் தாங்காது. அறுவைக்குப் பிறகு குட்டி வளர்ந்தது. ஒரு வயதில் 1.7 கிலோ. சரியாக இயங்கும் கல்லீரலைக் கொடுத்ததும் ‘டீகப்’ காணாமல் போனது.

அப்படி ஓர் இனம் இல்லை

நாயின் சிறுமை தன்னளவில் குற்றமல்ல. ஐஜிஎஃப்-1 என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு சிற்றின நாய்களின் உருவத்துக்குப் பெரும் காரணம் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவோடு தொடர்புள்ள சிறு உருவ மாறுபாடு 50,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஓநாயிலேயே இருந்தது என்று 2022-இல் தெரிந்தது. ஆகவே மூன்று கிலோ நாய் இயற்கைக்கு விரோதம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நன்றாகப் பிறந்து நன்றாக வளர்ந்த சின்ன நாய்கள் பதினைந்து வயதுவரைகூட ஓடியாடி இருப்பதைப் பார்க்கிறோம்.

‘டீகப்’, ‘மைக்ரோ’, ‘பாக்கெட்’ என்பவை வேறு. அமெரிக்கன் கென்னல் கிளப் உட்பட எந்தப் பெரிய பதிவு அமைப்பும் இவற்றை இனமாகவோ வகையாகவோ ஏற்கவில்லை. தனி டீகப் மரபணு என்று எதுவும் கண்டறியப்படவும் இல்லை. மூன்று கிலோ இனத்தில் அரைக் கிலோ குட்டி எப்படிக் கிடைக்கிறது என்றால் வழிகள் சில. நோயாலோ கருப்பையில் ஊட்டம் போதாமலோ குன்றிப் பிறந்ததை ஒதுக்கி எடுப்பது. வயதைக் கூட்டிச் சொல்வது. உணவைக் குறைப்பது. இவற்றோடு, மிகச் சிறியதை மிகச் சிறியதோடு இணைத்துக்கொண்டே போவது.

கடைசி வழியில் தாய்க்கு நடப்பதைப் படத்தில் யாரும் பார்ப்பதில்லை. பெண் நாய் சிறுக்கச் சிறுக்க ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிகள்தான் இருக்கும். குறுகிய இடுப்பெலும்பு, அதற்கு ஒத்துவராத குட்டியின் உருண்டைத் தலை. கலப்பின நாய்களோடு ஒப்பிட்டால் சிவாவா என்ற சிற்றின நாய்க்குப் பிரசவச் சிக்கல் நேரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்று பிரிட்டனில் 2017-இல் வந்த வெட்கம்பாஸ் (கால்நடை மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டி ஆராயும் திட்டம்) ஆய்வு காட்டியது. அதுவும் சாதாரண சிவாவாக்களின் கணக்கு. சிசேரியன் என்றால் மயக்க மருந்து. ஐந்து கிலோவுக்குக் கீழான நாய்களுக்கு மயக்க மருந்தில் ஆபத்து அதிகம் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த செய்தி. உடல் சீக்கிரம் குளிர்ந்துபோகும், சர்க்கரை இறங்கும், மருந்தில் சிறு பிசகும் பெரிய பிசகாகிவிடும்.

இனத் தரநிலைகளைத் தயாரிக்கும் சங்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் யார்க்‌ஷயர் டெரியர் தரநிலை 7 பவுண்டைத் (சுமார் 3.2 கிலோ) தாண்டக் கூடாது என்கிறது, சிவாவாவுக்கு 6 பவுண்டு. மேலே வரம்பு உண்டு, கீழே இல்லை. பொமரேனியனுக்கோ 3 முதல் 7 பவுண்டு என்று இரு எல்லையும் எழுதி, எதை மீறினாலும் குறை என்கிறார்கள். ஓர் இனத்துக்கு எழுத முடிந்ததை மற்ற இனங்களுக்கு ஏன் எழுதவில்லை? கீழ் எல்லை இல்லாத தரநிலை, ‘எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது’ என்பவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. உலகிலேயே சிறிய நாய் என்ற பட்டமும் இதே வேலையைச் செய்கிறது. அந்தப் பட்டம் பெற்ற மிராக்கிள் மில்லி என்ற சிவாவாவின் செல்களிலிருந்து 49 குளோன்கள் உருவாக்கப்பட்டதையும் கின்னஸ் சாதனையாகப் பதிந்திருக்கிறது.

ஷண்ட் இல்லாவிட்டால் சரியா?

இந்தக் குட்டிக்கு நோய் இருந்தது, அதனால் இது விதிவிலக்கு என்று ஒருவர் சொல்லலாம். நோயே இல்லாத மிகச் சிறிய நாயை எடுத்துக்கொள்வோம். சோபாவிலிருந்து குதித்தாலே முன்னங்கால் எலும்பு முறியலாம். மணிக்கட்டுக்கு அருகே அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிந்தது கூடுவதும் கடினம். சிறிய தாடையில் பெரிய நாய்க்குள்ள அதே எண்ணிக்கைப் பற்கள் நெருக்கியடிப்பதால் ஈறு சீக்கிரம் கெடும். மூச்சுக்குழாய் தளர்ந்து வாத்து கத்துவதுபோல் இருமும். முட்டிச் சில்லு விலகும் வாய்ப்பு, கலப்பின நாய்களோடு ஒப்பிட்டால் பொமரேனியனுக்கு 6.5 மடங்கு, சிவாவாவுக்கு 5.9, யார்க்‌ஷயர் டெரியருக்கு 5.5 என்று 2016-இல் வெட்கம்பாஸ் ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

உச்சிக்குழி விஷயத்தில் நெடுங்காலமாக ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. சிவாவாவுக்கு உச்சி திறந்திருப்பது இனத்தின் அடையாளம், நோயல்ல என்பார்கள். ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 சிவாவாக்களின் மண்டையோட்டை சிடி ஸ்கேன் செய்து 2021-இல் வெளியிட்டார்கள். 46 நாய்களில் குறைந்தது ஒரு திறப்பாவது மூடாமல் இருந்தது. உச்சியில் மட்டுமல்ல, கைக்கு எட்டாத பக்கங்களிலும் கீழ்ப்புறத்திலும்கூட. உடல் சிறிதாக இருந்த நாய்களில் திறப்புகள் அதிகம். மூளை, தண்டுவடக் கோளாறின் அறிகுறி உள்ளவற்றிலும் அதிகம். பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது என்பதால் ஒன்று ஆரோக்கியம் ஆகிவிடாது.

பாசம் எப்படி இந்த வணிகத்தைத் தாங்குகிறது

விற்பவர்கள் சொல்லும் வாதங்களில் ஒன்றை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். “நாங்கள் இணைத்திருக்காவிட்டால் இந்தக் குட்டியே பிறந்திருக்காது. பிறக்காமல் இருப்பதைவிட, நல்ல வீட்டில் கொஞ்சம் நோயோடு வாழ்வது மேல் இல்லையா?” தத்துவத்தில் இது கடினமான கேள்விதான். பிறந்துவிட்ட குட்டிக்கு அது பொருந்தவும் செய்யும். இந்தக் குட்டி வாழ்ந்தது நல்லதே என்று நானும் சொல்வேன். ஆனால் இணை சேர்க்கும் நாளில் எந்தக் குட்டியும் இல்லை. அன்று, நாய்களை இணைசேர்த்து விற்கும் பிரீடர் முன்னால் இருப்பது இரண்டு வழிகள்: உடல் தாங்கும் தாயையும் தகப்பனையும் தேர்ந்தெடுப்பது, அல்லது தாங்காது என்று தெரிந்தே தேர்ந்தெடுப்பது. இன்னும் இல்லாத ஒரு குட்டியின் பெயரால், இருக்கிற தாய் நாயின் வலிக்கு நியாயம் தேட முடியாது.

“மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்” என்பது அடுத்த வாதம். ஏன் கேட்கிறார்கள்? பெரிய நெற்றி, பெரிய கண், சிறிய மூக்கு, உருண்டை முகம் ஆகியவை மனிதக் குழந்தையை நினைவூட்டி நம் பராமரிப்பு உணர்வைத் தூண்டும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். கோப்பைக்குள் உட்காரவைத்து எடுத்த படம் அந்த உணர்வைத்தான் தொடுகிறது. பார்த்ததும் வாங்கத் தோன்றுவது வாங்குபவரின் கெட்ட குணத்தால் அல்ல, அவருடைய நல்ல குணத்தால்.

வாங்கிய பிறகு நடப்பதற்கு டென்மார்க்கில் 2017-இல் வந்த ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. பிரெஞ்ச் புல்டாக், சிவாவா, கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல், கெய்ர்ன் டெரியர் என்ற நான்கு இன நாய்களை வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள். நால்வகையில் சிவாவா வாங்கியவர்களிடம்தான் முன்திட்டம் குறைவு. சிவாவா, கேவலியர் வளர்ப்பவர்களிடம், நாய்க்கு உடல், நடத்தைப் பிரச்சினைகள் கூடக் கூட அதனோடு உறவும் நெருக்கமாக இருந்தது. சாதாரணமாகக் கெட்ட சரக்கை வாங்கியவர் கோபப்பட்டு அடுத்த முறை வேறு கடைக்குப் போவார், விற்றவர் திருந்துவார். இங்கே அந்தக் கோபம் பாசமாக மாறிவிடுகிறது. இரவெல்லாம் விழித்து ஊட்டியவருக்கு அந்த நாய் இன்னும் நெருக்கமாகிறது. மருத்துவச் செலவை அவர் ஏற்கிறார். பிரீடர் காதுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

நம் கேஸிலும் அப்படியே. நோய் உறுதியானதும் அந்தப் பெண்மணி விற்றவரைத் தொடர்புகொண்டார். உத்தரவாதம் இருக்கிறது, குட்டியைத் திருப்பிக் கொடுங்கள், வேறு தருகிறோம் என்று பதில் வந்தது. எந்தத் தாய் தன் மடியில் தூங்கும் குட்டியைத் திருப்பிக் கொடுப்பாள்? திருப்பித் தர மாட்டார்கள் என்று தெரிந்து எழுதப்பட்ட உத்தரவாதம் அது. பெற்றோர் இரண்டையும் இனி இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று காரணம் விளக்கி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

சட்டம் எட்டும் தூரம்

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 11பி, சந்ததிக்கு வலியோ துன்பமோ சேதமோ தரும் என்று எதிர்பார்க்கக்கூடிய இனப்பெருக்கத்தைத் தடை செய்கிறது. இங்கிலாந்தின் 2018 உரிமவிதிகள், தாயின் அல்லது குட்டிகளின் நலனுக்குக் கேடு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடிந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கக் கூடாது என்கின்றன. அங்கே 2020 முதல் ‘லூசி சட்டம்’ ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பதைத் தடுக்கிறது. நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல் கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

இவற்றில் நார்வே தீர்ப்பு எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது, ஏனென்றால் அங்கே கேள்வி ஒரு நாயின் மீதான கொடுமையிலிருந்து இனப்பெருக்கத் தேர்வுக்கே நகர்ந்தது. ஆனால் டீகப் விற்பனை இனத்தின் பெயரில் நடப்பதில்லை. சீட்டில் ‘யார்க்‌ஷயர் டெரியர்’ என்றுதான் இருக்கும். இனத்தைச் சுட்டும் தீர்ப்பு அதைப் பிடிக்காது. அதைப் பிடிக்க வேண்டுமானால் எடையைப் பதிய வேண்டும்: தாயின் எடை, விற்கும் நாளில் குட்டியின் எடை, பற்களைப் பார்த்து மருத்துவர் எழுதிய வயது. வளர்ந்தபின் இவ்வளவுதான் எடை இருக்கும் என்று வாக்குறுதி கொடுத்து விற்பதையே தடை செய்யலாம். உணவைக் குறைக்கச் சொல்லும் தாள்கள் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் எழுதப்படுகின்றன.

என் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தக் குட்டியின் தடுப்பூசி அட்டையில் ஒரு மருத்துவரின் கையெழுத்து இருந்தது, வயது 10 வாரம் என்ற வரிக்குக் கீழேயே. வாயைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பொருந்தாத வயதுக்குக் கையெழுத்திட மறுத்தால் அந்த விற்பனை அன்றே தடைபட்டிருக்கும். அதேபோல, ஒரே நாய்க்குத் திரும்பத் திரும்ப சிசேரியன் செய்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்புவதை நாம் நிறுத்த வேண்டும். கருத்தடை பற்றி அந்த மேசையிலேயே பேச வேண்டும்.

கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது, இதற்குத் துணையாக இதே மாதிரி இன்னொன்று வாங்கலாமா என்று அந்தப் பெண்மணி கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. தாய் நாயை நேரில் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம், அது இரண்டரை, மூன்று கிலோவாவது இருக்க வேண்டும், எத்தனை முறை ஈன்றது, சிசேரியன் உண்டா என்று கேளுங்கள் என்றேன். ஈற்றில் மிகச் சிறியதைக் கையில் கொடுத்தால், பித்த அமிலப் பரிசோதனை முடிவு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன்.